புத்திமதி இருக்கிறது, கூலி எங்கே?

பிரசவம் முடிந்து தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் புறப்படும்போது நர்சம்மா நாலு வார்த்தை சொல்லி அனுப்புகிறார். தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்காதே, தண்ணீர்கூட வேண்டாம். பிள்ளை கேட்கும்போதெல்லாம் பால் கொடு. உடம்பின் சூடு குறையாமல் அணைத்து வைத்துக்கொள். தொப்புள் காய்ந்து விழுகிற வரையில் அதில் எதையும் தடவாதே. நீயும் நன்றாகச் சாப்பிடு, நன்றாக ஓய்வெடு. 45ஆம் நாள் ஊசிக்குத் தவறாமல் வந்துவிடு.

இதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. அத்தனையும் அனுபவத்தில் கண்ட விஞ்ஞானம். ஆனால் இந்தப் புத்திமதியை வாங்கிக்கொண்டு கீழப்பழுவூர் பக்கத்தில் ஒரு காலனி வீட்டுக்குத் திரும்புகிற கூலிக்காரப் பெண்ணுக்கு, அதை நிறைவேற்ற எத்தனை நாள் கூலி வேண்டும் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொன்னதுண்டா? அந்தக் கணக்கைத்தான் இங்கே போட்டுப் பார்க்கப் போகிறோம்.

கீழப்பழுவூர் அரியலூர் ஜில்லாவில் திருமானூர் ஒன்றியத்தைச் சேர்ந்த ஊர். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற ரோடு அதன் வழியாகப் போகிறது. பழைய கோயில்களையும் பழுவேட்டரையர் பெயரையும் தேடி வருகிறவர்கள் வந்து போகிறார்கள். அங்கேயே இருக்கிற ஜனங்கள் அன்றாடம் பார்ப்பது சுண்ணாம்புக்கல் லாரியையும் சிமெண்ட் புழுதியையும்தான். கொள்ளிடம் பக்கம் போனால் நெல். மேட்டு நிலத்தில் பருத்தி, மக்காச்சோளம், கடலை. புருஷன் காண்டிராக்டரிடம் மூட்டை ஏற்றுவான், அல்லது லாரியில் கிளீனராகப் போவான். பெண்சாதி களை எடுப்பாள், பருத்தி எடுப்பாள். ஆலைத் தொழிலாளி, விவசாயத் தொழிலாளி என்று சங்கத்தில் இரண்டு ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிறோம். அந்த வீட்டிலோ இருவரும் ஒரே பாயில் படுக்கிறார்கள். அவர்களுக்கு நடுவில் இப்போது மூன்று கிலோகூட இல்லாத ஒரு ஜீவன் வந்து படுத்திருக்கிறது.

முதல் 28 நாள்

பிறந்த பிள்ளைக்கு முதல் மாதம்தான் கண்டம். 2020ஆம் வருஷத்து மாதிரிப் பதிவுக் கணக்குப்படி இந்தியாவில் உயிரோடு பிறக்கிற ஆயிரம் குழந்தைகளில் 28 குழந்தைகள் ஒரு வயது முடிவதற்குள் இறந்தன. அந்த 28ல் 20 குழந்தைகள் பிறந்து நாலு வாரத்துக்குள்ளேயே போய்விட்டன. தமிழ்நாட்டில் ஒரு வயதுக்குள் இறந்தவை 13. 1971ல் நாடு முழுவதற்கும் இந்தக் கணக்கு 129 ஆக இருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது தெரியும். நம் மாநிலத்தில் இன்று கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. இதற்குக் காரணம் யார் என்று கேட்டால், மந்திரிகளின் படம் போட்ட போர்டை நான் காட்ட மாட்டேன். சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் ஊர் ஊராகச் சுற்றுகிற கிராம சுகாதார நர்சுகளைத்தான் காட்டுவேன்.

மிச்சமிருக்கிற சாவைத் தடுப்பது எப்படி? மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலி ஜில்லாவில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி செய்து காட்டினார்கள். 39 கிராமங்களில், ஓரளவு படித்த கிராமத்துப் பெண்களையே பழக்கி, பிறந்த பிள்ளை இருக்கிற வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போக வைத்தார்கள். பிள்ளையைச் சூடாக வைத்திருப்பது, பால் கொடுக்கத் தாய்க்கு உதவுவது, மூச்சை எண்ணுவது, எடை பார்ப்பது, கிருமி பிடித்தால் மருந்து கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. மூன்றாம் வருஷத்தில் பிறந்த குழந்தைகளின் சாவு நூற்றுக்கு 62 வீதம் குறைந்துவிட்டது. 1999ல் லண்டன் லான்செட் வைத்தியப் பத்திரிகை இதை வெளியிட்டது. இந்த அனுபவத்தை வைத்துத்தான் 2011ல் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்கவேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது.

கட்சிரோலியில் பெரிய மெஷின் எதுவும் வந்து இறங்கவில்லை. பிள்ளையின் பக்கத்தில் விஷயம் தெரிந்த ஓர் ஆள் வந்து உட்கார்ந்தாள், அதுதான் நடந்தது. ஆறு தடவை வந்து பார்க்கிறவள் போன பிறகு, மிச்ச நாட்களில் பக்கத்தில் இருக்கவேண்டியவள் தாய்.

ஆபத்தின் அடையாளங்களை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, ஆண்பிள்ளைகளும்தான். பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது. உடம்பு சில்லிட்டுப் போவது, அல்லது காய்ச்சலடிப்பது. நிமிஷத்துக்கு 60க்கு மேல் மூச்சு வாங்குவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிவது. மஞ்சள் நிறம் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்குவது. வலிப்பு. தொப்புளில் சீழ். இதில் ஒன்று கண்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது; ராத்திரி எந்நேரமானாலும் 108க்குக் கூப்பிட வேண்டும், அதற்குக் காசு கிடையாது. பச்சைப் பிள்ளைக்கு அழக்கூடச் சக்தி இல்லாமல் போகலாம். சத்தம் போடாமல் தூங்குகிறது, நல்ல பிள்ளை என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்து பார்த்தால் நிலைமை கைமீறியிருக்கும். ஆகவே ஆள் வேண்டும், நேரம் வேண்டும். கூலிக்காரர் வீட்டில் நேரத்துக்கு விலை உண்டு.

பாலுக்கு எத்தனை மணி நேரம்?

பிறந்த பிள்ளை ராத்திரி பகல் சேர்த்து 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அதன் வயிறு சின்னது. கொஞ்சம் குடிக்கும், தூங்கும், மறுபடி கேட்கும். ஒரு தடவைக்கு அரைமணி என்று வைத்தாலும் பத்துத் தடவைக்கு ஐந்து மணி நேரம். அதாவது ஒரு ஷிப்டில் பாதிக்கு மேல். இதை வேலை என்று எந்த மஸ்டர் ரோலிலும் எழுதுவதில்லை.

பால் சுரப்பது கிணற்றில் ஊறுவது போலத்தான். இறைக்க இறைக்க ஊறும், இறைக்காமல் விட்டால் வற்றும். காலை ஏழு மணிக்குப் பருத்திக் காட்டுக்குப் போய் மத்தியானம் திரும்புகிறவள் நெஞ்சு கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து வருகிறாள். பத்து நாள் இப்படிப் போனால் பால் குறைந்துவிடுகிறது. “இவளுக்குப் பால் பத்தவில்லை” என்று வீட்டில் பேச்சு வருகிறது. பூண்டும் சுறாப் புட்டும் கொடுத்துப் பார்க்கிறார்கள். அவளுக்கு இல்லாமல் போனது நேரம். அதைச் சமைத்துப் போட முடியுமா?

அப்புறம் டப்பாப் பால் வருகிறது. டப்பா சீக்கிரம் தீரக்கூடாதே என்று ஒரு கரண்டிக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்கிறது. பாட்டிலைக் கொதிக்க வைக்க விறகோ காஸோ செலவாகும். பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. டப்பாப் பாலுக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று 1992ல் சட்டம் போட்டார்கள், நல்ல சட்டம். ஆனால் கூலியில்லாத வீட்டுக்கு விளம்பரம் எதற்கு? வறுமையே வந்து கடையில் கையை நீட்ட வைக்கிறதே! 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கில், தமிழ்நாட்டில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடித்தவை நூற்றுக்குச் சுமார் 55தான். மிச்ச வீடுகளில் எல்லாம் நர்சம்மா பேச்சைக் கேட்காத அறிவிலிகள் இருக்கிறார்கள் என்றா அர்த்தம்?

பாட்டிமார்கள் எழுதிய சட்டம்

அறியாமையும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது, மஞ்சளாகக் கெட்டியாக வருகிற முதல் பாலை ஆகாதென்று பீய்ச்சிக் கொட்டுவது, மூக்கில் வாய்வைத்து ஊதுவது, காதில் எண்ணெய் விடுவது, தொப்புளில் சாம்பல் பூசுவது, பிள்ளை பெற்றவளுக்குத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்காமல் பத்தியம் வைப்பது, இவையெல்லாம் விட்டொழிக்க வேண்டியவை. அந்த முதல் பால்தான் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து. அதைத் தரையில் கொட்டிவிட்டு மந்திரித்துக் கயிறு கட்டுவதில் என்ன லாபம்?

ஆனால் பாட்டிமார்களை வாய்க்கு வந்தபடி ஏசுகிற படிப்பாளிகளோடு நான் சேரமாட்டேன். பச்சை உடம்புக்காரியை முப்பது நாள், நாற்பது நாள் வீட்டைவிட்டு வெளியே விடாதே, பாரம் தூக்க விடாதே, தலைப் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அனுப்பு, மூன்றாம் மாதம், ஐந்தாம் மாதம் திரும்பி வரட்டும் என்று வைத்தார்களே, அதில் தீட்டு என்ற பேரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பிரசவ விடுமுறைச் சட்டத்தின் உள்ளடக்கம் அப்படியே இருக்கிறது. எந்தச் சட்டசபையும் உட்காருவதற்கு முன்னால் கிராமத்துக் கிழவிகள் அதை எழுதி வைத்தார்கள். அந்தச் சட்டத்தில் ஒரே குறை: சம்பளத்தோடு என்ற வார்த்தை அதில் இல்லை. ஆகவே நிலமும் குதிரும் உள்ள வீட்டில் அது முழுசாக நடந்தது. கூலி வீட்டில் பதினாறாம் நாள் காப்புப் போட்ட கையோடு நடவுக்குப் போனவர்கள் உண்டு.

தாய் வீட்டுக்கு அனுப்புவதிலும் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. மகளுக்குப் பிரசவம் பார்க்கிற தாயும் கூலிக்காரிதான். ஒரு பிள்ளை பிறந்தால் இரண்டு பெண்களின் கூலி நின்றுபோகிறது. மகள் பால் கொடுக்கிறாள். பாட்டி வெந்நீர் போட்டுப் பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுகிறாள், துணி அலசுகிறாள், பத்தியம் சமைக்கிறாள். இன்று பிரசவங்களில் நூற்றுக்குச் சுமார் 45 ஆபரேஷன் பிரசவம் என்று அதே தேசியக் கணக்கு சொல்கிறது. வயிற்றில் தையலோடு வருகிறவள் ஆறு வாரத்துக்குக் குடம் தூக்கக்கூடாது, குனிந்து களையெடுக்கக்கூடாது. அந்த வீட்டுக்குத் தண்ணீர் யார் தூக்குவது?

14,000 ரூபாய்

சர்க்கார் ஒன்றும் கொடுக்கவில்லை என்று நாம் சொல்லவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழ்நாட்டில் பிரசவ உதவித் திட்டம் இருக்கிறது. புதுக்கோட்டையில் பிறந்து, டாக்டராகி, 1927ல் சென்னைச் சட்டசபைக்குள் முதல் பெண் அங்கத்தினராகப் போன அம்மையாரின் பெயரை இதற்கு வைத்தது பொருத்தம்தான். 2006ல் 6,000 ரூபாய், 2011ல் 12,000 ரூபாய், பிறகு 18,000 ரூபாய் என்று உதவி ஏறியது. அந்த 18,000ல் 4,000 ரூபாய் சத்துணவுப் பெட்டகமாக வருகிறது. கையில் வருவது 14,000.

2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். 14,000ஐ 336ஆல் வகுத்துப் பாருங்கள். 42 நாள் கூலிகூட முழுசாக ஆகவில்லை. ஆலைப் பெண்ணுக்குச் சட்டம் கொடுப்பது 26 வாரம். வாரத்துக்கு ஆறு நாள் என்று வைத்தால் 156 நாள். 336 வீதம் 52,416 ரூபாய். வித்தியாசம் 38,416 ரூபாய். வயல்வேலைக்காரியின் பிள்ளைக்கு அவ்வளவு பால் குறைத்துக் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

அந்தப் பணம் எப்போது வருகிறது என்பதுதான் இன்னும் பெரிய விஷயம். 2024ல் தவணைகளை மூன்றாக்கினார்கள். கர்ப்பத்தின் நாலாம் மாதம் 6,000. பிள்ளை பிறந்து நாலாம் மாதம் 6,000. ஒன்பதாம் மாதம் 2,000. முன்பெல்லாம் பிரசவம் ஆனதும் என்று ஒரு தவணை இருந்தது, அது போய்விட்டது. ஆக, நர்சம்மா “வீட்டிலேயே இரு, பிள்ளையை விட்டு நகராதே” என்று சொல்கிற அந்த முதல் வாரங்களில் ஒரு காசு வராது. கடன்காரனிடமும் சுய உதவிக் குழுத் தவணைக்காரனிடமும் “நாலு மாதம் பொறு” என்று சொன்னால் பொறுப்பானா? பச்சை உடம்போடு அவள் காட்டுக்கு இறங்குவது இந்த இடைவெளியில்தான். மூன்றாவது பிள்ளைக்காரிக்கு அதுவும் கிடையாது. மூன்றாவதாகப் பிறந்தது அந்தக் குழந்தை செய்த குற்றமாம்!

மத்திய சர்க்காரின் கதை இதைவிட மோசம். 2013ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று எழுதியது. 2017ல் திட்டம் வந்தபோது முதல் பிள்ளைக்கு 5,000 என்று சுருங்கியது. 2022ல், இரண்டாவது பெண்பிள்ளையானால் அதற்கும் உண்டு என்றார்கள். 2013ல் எழுதிய 6,000 ரூபாய்க்கு அப்போது என்ன வாங்க முடிந்தது, இன்று என்ன வாங்க முடிகிறது என்று எந்த மளிகைக் கடைக்காரரும் சொல்லுவார்.

இதே தமிழ்நாட்டில் சர்க்கார் வேலையிலிருக்கும் பெண்ணுக்குப் பிரசவ விடுமுறை 2021 ஜூலை முதல் 12 மாதம், முழுச் சம்பளத்தோடு. அதைப் பார்த்து நாம் பொறாமைப்படவில்லை. ஒரு பிள்ளையை வளர்க்க ஒரு வருஷம் வேண்டும் என்று சர்க்காரே கணக்குப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறது. நமக்கு அது நல்ல சாட்சி. ஆபீசில் உட்காருகிறவளின் பிள்ளைக்கு 12 மாதம், வெயிலில் குனிகிறவளின் பிள்ளைக்கு 42 நாள் என்றால், பிள்ளைகளின் வயிறு ஜில்லாவுக்கு ஜில்லா மாறுகிறதா?

உடன்படிக்கையும் சிபாரிசும்

இந்தப் பாகுபாடு நேற்று வந்ததில்லை. 1919ல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் வாஷிங்டனில் கூடிய முதல் மாநாட்டிலேயே பிரசவப் பாதுகாப்பு உடன்படிக்கை போட்டது. பிரசவத்துக்கு முன் ஆறு வாரம், பின் ஆறு வாரம், பிழைப்புக்குப் பணம், வேலைக்குத் திரும்பியபின் பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு அரைமணி. ஆனால் அது தொழிற்சாலைக்கும் வியாபார நிலையங்களுக்கும் மட்டுமே. விவசாயப் பெண்கள்? 1921ல் அவர்களுக்கு ஒரு சிபாரிசு எழுதினார்கள். ஆலைப் பெண்ணுக்கு உடன்படிக்கை, வயல் பெண்ணுக்குச் சிபாரிசு! நூறு வருஷம் ஆகியும் நம் நாட்டில் அந்த வரி மாறவில்லை.

1928ல் பம்பாய்ச் சட்டசபையில் பிரசவ உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது தேசத்தின் நன்மைக்கே, அந்தச் செலவில் பெரும் பங்கைச் சர்க்கார் ஏற்க வேண்டும் என்றார். மறுவருஷமே அங்கே சட்டம் வந்தது. சென்னை மாகாணத்திலும் 1930களில் வந்தது. நாடு முழுவதற்கும் 1961ல் வந்தது. 2017ல் 12 வாரம் 26 வாரமாயிற்று. இப்போது அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் அடங்கி, 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்திருக்கிறது. 26 வாரம் இருக்கிறது. முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது.

80 நாள் என்பது சின்ன நிபந்தனை மாதிரித் தெரியும். மில்லிலோ ஆலையிலோ காண்டிராக்டில் இருக்கிறவளைக் கேட்டுப் பாருங்கள். காண்டிராக்டர் பெயர் மாறும், டோக்கன் மாறும், வயிறு தெரிய ஆரம்பித்தால் ஆளே மாறிவிடும். வேலை செய்த நாட்களுக்குச் சாட்சி அந்த மேஸ்திரி. அவனோ காண்டிராக்டரின் ஆள். ஆகவே மில் பெண்கள் ஒவ்வொருவரும் சம்பளச் சீட்டையும் ஈ.எஸ்.ஐ. நம்பரையும் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான மறுநாளிலிருந்தே வைத்துக்கொள்ள வேண்டும்.

சண்டை போட்டால் கிடைக்கும் என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. டில்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் தினக்கூலிக்கு ரோடு வேலை செய்த பெண்கள், நிரந்தர ஊழியருக்கு உள்ள பிரசவ விடுமுறை எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டார்கள். நீங்கள் தினக்கூலி, உங்களுக்குக் கிடையாது என்றது மாநகராட்சி. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2000 மார்ச் 8ல், அதாவது மாதர் தினத்தன்று, தினக்கூலிப் பெண்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பாயிற்று. அவர்களுக்கு எதிரே ஒரு முதலாளி இருந்தான், பெயர் சொல்லி வழக்குப் போட முடிந்தது. திங்கட்கிழமை ஒரு பட்டாதாரிடமும் செவ்வாய்க்கிழமை வேறொருவரிடமும் களையெடுக்கிறவள் யார்மேல் போடுவாள்? அவளுக்குச் சர்க்காரே முதலாளியின் இடத்தில் நின்று கூலி கொடுக்கவேண்டும், வேறு வழியில்லை.

வேலைக்குத் திரும்பிய பிறகு பிள்ளையை எங்கே விடுவது என்பது அடுத்த கேள்வி. வேப்பமரத்துக் கிளையில் புடவையைக் கட்டித் தூளி போடுகிறார்கள். நாலு வயசு அக்காள் ஆட்டுகிறாள். 2005ஆம் வருஷத்து ஊரக வேலைச் சட்டத்தில், வேலை நடக்கிற இடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலி கொடுத்து வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எத்தனை ஏரி வேலையில் அப்படி ஓர் ஆளைப் பார்த்தோம்? அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 டிசம்பரில் வேறு சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டம் எது வந்தாலும் தூளி மரத்தில்தான் தொங்குகிறது.

ஆண்பிள்ளைத் தோழர்களுக்கு

இனிமேல் சொல்வது சிலருக்குக் கசக்கும். பிள்ளை பிறந்த வீட்டில் தகப்பன் எங்கே இருக்கிறான்? மாமியார் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய், பிள்ளையின் முகத்தை எட்டிப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாயை எடுத்து வைத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் திரும்புகிறான். நமக்குக் கூலி போய்விடுமே என்கிறான். உண்மைதான், போகும். மத்திய சர்க்கார் ஊழியருக்குத் தகப்பன் விடுமுறை 15 நாள் உண்டு. மூட்டை தூக்குகிறவனுக்கு ஒரு நாள்கூட இல்லை. இதற்காக எந்த ஆலை வாசலில் கொடி பிடித்தோம்? கோரிக்கைப் பட்டியலில் போனஸ் முதல் வரியில் இருக்கிறது, வேண்டியதுதான். பிள்ளை பெற்ற வீட்டுக்காரனுக்கு 15 நாள் சம்பளத்தோடு லீவு என்பது கடைசி வரியிலாவது இருக்கிறதா?

லீவு இல்லாத நாளிலும் செய்யக்கூடியது உண்டு. 1978 வாக்கில் கொலம்பியா நாட்டு பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைக்கிற பெட்டிகள் போதவில்லை. எட்கர் ரே என்ற டாக்டர், பிள்ளையைத் தாயின் வெற்று மார்பில், தோலோடு தோல் படும்படி கட்டி வைக்கச் சொன்னார். பிள்ளைகள் பிழைத்தன. இன்று உலகம் முழுக்க அதைக் கங்காரு முறை என்கிறார்கள். பணக்கார நாடுகளும் ஏழை ஆஸ்பத்திரியிடம் பாடம் படித்தன. எடை குறைந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து கிடைப்பது அரிது. தாய் சற்றே கண்ணயரும்போது தகப்பன் மார்பும் அதே சூட்டைக் கொடுக்கும். சிமெண்ட் புழுதியை மட்டும் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டு வரவேண்டும், பீடியைத் தெருவிலேயே விட்டுவிட்டு வரவேண்டும். தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதற்கும் பிள்ளைத் துணி அலசுவதற்கும் ஆண்மை குறைந்துவிடாது. நூறு கிலோ மூட்டைக்குக் குனிகிற முதுகு ஒரு வாளிக்குக் குனியாதா?

“பணத்தைக் கையில் கொடுத்தால் புருஷன் குடித்துவிடுவானே” என்று சில பெரிய மனிதர்கள் கவலைப்படுகிறார்கள். பணம் தாயின் பாங்குக் கணக்கில்தான் வருகிறது. மேலும், அந்தக் கடையை நடத்துவதும் சர்க்கார்தான். அவ்வளவு கவலையிருந்தால் அங்கே ஒரு பூட்டுப் போடட்டும்.

“இவ்வளவுக்குச் சர்க்காரிடம் பணம் ஏது?” என்பது இன்னொரு பேச்சு. பிள்ளையை வளர்த்து ஆளாக்கி ஆலைக்கும் வயலுக்கும் அனுப்புகிற வேலையை இத்தனை தலைமுறையாக நம் பெண்கள் ஒரு காசு வாங்காமல் செய்திருக்கிறார்கள். அந்தப் பாக்கியை இன்னும் யாரும் கேட்கவில்லை. 26 வாரக் கூலியைத்தான் கேட்கிறோம்.

மே முதல் தேதி கிராம சபை கூடுகிற நாள். அது தொழிலாளர் தினம் என்பதும் நமக்குத் தெரியும். கீழப்பழுவூரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் இந்தத் தீர்மானத்தை அன்று வையுங்கள். பிரசவமான வாரத்துக்குள் ஒரு தவணை தாயின் கணக்கில் வரவேண்டும். மொத்த உதவி 26 வாரக் கூலிக்குக் குறையக்கூடாது. எத்தனையாவது பிள்ளை என்று கேட்கக்கூடாது. ஊருக்கு ஒரு பிள்ளைக் கொட்டகையும் அதற்குக் கூலி வாங்குகிற ஓர் ஆளும் வேண்டும். ஆலைக் காண்டிராக்டில் இருக்கிற தகப்பனுக்கு 15 நாள் லீவு வேண்டும். தீர்மானத்தை எழுதியபின் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கையெழுத்து வாங்கும்போது, கைப்பிள்ளையோடு வந்திருக்கிற பெண்களை நிழலில் முன்வரிசையில் உட்கார வைத்து, அவர்கள் பெயரை முதலில் எழுதுங்கள்.